சத்திரசிகிச்சை முடிந்தது, இனி வீடு

கண்டியைச் சூழ்ந்த மலைத்தோட்டங்களில் மிளகு, கராம்பு, கித்துள் என எதை எடுத்தாலும் மரம் ஏறாமல் வருமானம் இல்லை. மழைக்குப் பின் பாசி பிடித்த கிளையில் கால் வழுக்கினால் முள்ளந்தண்டு முறிந்துவிடும். இன்னும் பலர் விழாமலே, ஆண்டுக்கணக்கில் பாரம் சுமந்து, முள்ளந்தண்டின் இடைத்தட்டு விலகி, காலுக்கு இறங்கும் நரம்பு நசுங்கி வைத்தியசாலைக்குப் போகிறார்கள். கண்டி தேசிய வைத்தியசாலையில் சத்திரசிகிச்சை செய்து அனுப்பியதும் எல்லாம் முடிந்துவிட்டதாகக் குடும்பம் எண்ணுகிறது. ஆனால் பெரிய வேலை வீட்டில்தான் ஆரம்பமாகிறது. அந்த வீடும் தற்காலிகக் கொட்டிலாகவோ உறவினர் வீட்டு விறாந்தையாகவோ இருந்தால் சொல்லவே வேண்டாம்.

இடைத்தட்டுச் சத்திரசிகிச்சை பெற்றவரைப் பெரும்பாலும் மறுநாளே எழுந்து நடக்கச் சொல்வார்கள். நடப்பது நல்லது. குனிவதும், இடுப்பைத் திருப்புவதும், பாரம் தூக்குவதுமே கூடாதவை. சுமார் ஆறு வாரத்துக்குத் தண்ணீர்க் குடம், விறகுக்கட்டு, அழும் பிள்ளை எதையும் தூக்கக் கூடாது. எழும்பும்போது நேரே நிமிராமல், உடலை மரக்கட்டை போல ஒரேயடியாகப் பக்கவாட்டில் புரட்டி, கால்களைக் கீழே விட்டு, கையூன்றி எழ வேண்டும். மண்வெட்டியைத் தொடும் நாளை வைத்தியரே சொல்லட்டும். சிலருக்கு மூன்று மாதம், சிலருக்கு அதற்கும் மேல். "சும்மா இருக்கிறான்" என்ற அயலவர் பேச்சுக்கு வெட்கப்பட்டு முன்னதாகவே கொத்தப் போகிறவர்கள்தான் மீண்டும் வார்ட்டுக்குத் திரும்புகிறார்கள். குந்தியிருக்கும் மலசலகூடமும் இவர்களுக்குச் சிரமம். நடுவில் துளையிட்ட உறுதியான கதிரையைக் குழிக்கு மேல் வைத்தால் போதும், பெரிய செலவில்லை.

காயத்தில் சீழ், காய்ச்சல், காலில் புதிதாகப் பலவீனம், சலம் போகாமை, தொடையிடுக்கில் மரத்துப்போதல் ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலும் கிளினிக் நாள் வரை காத்திருக்க வேண்டாம். அன்றே வைத்தியசாலைக்குப் போங்கள்.

முண்ணாண் என்னும் நரம்புவடமே நசுங்கியவரின் கதை வேறு. சத்திரசிகிச்சை எலும்பை நிலைப்படுத்தும். ஆனால் செத்த நரம்பை உயிர்ப்பிக்க இன்னும் வழியில்லை. இவர்களுக்காகவே மகியங்கனை வீதியில் திகனவில் புனர்வாழ்வு வைத்தியசாலை இருக்கிறது. (1985இல் விக்டோரியா அணை திறக்கப்பட்டபோது பழைய தெல்தெனிய நகரும் வயல்களும் நீருக்குள் போயின. திகன நகர் வளர்ந்தது அந்த இடப்பெயர்வோடுதான்.) கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாறவும், உடுக்கவும், சலக்குழாயைத் தானே இட்டு எடுக்கவும் இத்தகைய வைத்தியசாலைகளில் பழக்குவார்கள். நோயாளியோடு வீட்டிலிருந்து ஒருவரும் போய்ப் பழகுவது நல்லது.

படுக்கைப்புண்ணைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். உணர்வற்ற உடல் வலியை அறிவிக்காது. ஒரே பக்கம் கிடந்தால் எலும்புக்கும் பாய்க்கும் இடையில் தசை இரத்தமின்றி அழுகத் தொடங்கும். முன்னாளில் முண்ணாண் காயமடைந்தவர்களில் பெரும்பாலானோர் இந்தப் புண்ணாலும் சிறுநீரகக் கிருமியாலும் சீக்கிரமே இறந்தார்கள். 1944இல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் வைத்தியசாலையில் லுட்விக் குட்மன் என்ற வைத்தியர், இரவு பகலாக இரண்டு மணிக்கொரு தடவை நோயாளியைத் திருப்பிப் படுக்க வைக்கும் முறையைக் கட்டாயமாக்கினார். விலையில்லாத அந்த மருந்து கொட்டிலிலும் செல்லும். இரவு முறையை வீட்டார் பங்கிட்டுக்கொள்ளட்டும், தாய் ஒருத்தியின் தலையில் போட வேண்டாம். நாற்காலியில் இருப்பவர் கால் மணிக்கொரு தடவை கையூன்றி உடலைத் தூக்க வேண்டும். காலையும் மாலையும் முதுகு, பிட்டம், குதிகால்களைக் கண்ணால் பாருங்கள். அழுத்தினாலும் மறையாத சிவப்பு, கறுத்த தோலில் நிறமாற்றமும் சூடும், புண்ணின் தொடக்கம். மலைக்குளிரில் கால் மரத்தவரை அடுப்பருகே இருத்தவும் சுடுநீர்ப் போத்தல் வைக்கவும் வேண்டாம், தோல் வெந்தாலும் தெரியாது. அட்டை கடித்தாலும் அப்படியே.

சலக்குழாயை வழமையாக நான்கு முதல் ஆறு மணிக்கொரு தடவை, கை கழுவிய பின் இடுவார்கள். தொல்லை என்று தண்ணீரைக் குறைப்பவர் கிருமியைத் தேடிக்கொள்கிறார்.

இடம்பெயர்ந்தோருக்கு இன்னொரு வில்லங்கம், கடதாசி. நோய் நிர்ணய அட்டை, கிளினிக் புத்தகம், ஊடுகதிர்ப் படம் மூன்றையும் ஒரே பொலித்தீன் உறையில் கட்டி, அடையாள அட்டையோடு வையுங்கள். ஊர் மாறினால் புதிய கிராம உத்தியோகத்தரிடம் பதிந்து, பிரதேச செயலகத்தின் சமூக சேவை உத்தியோகத்தரைக் காணுங்கள். உதவிக்கான விண்ணப்பங்கள் அவ்வழியாகவே போகும். மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் 28ஆம் இலக்கச் சட்டம் 1996 முதல் நடைமுறையில் உள்ளது. இதைப் பிச்சையாக எண்ணிக் கூசுவதற்கு ஒன்றுமில்லை.

பிழைப்பு? வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மருத்துவர் மேரி வர்கீஸ் 1954இல் வாகன விபத்தில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்தார். சக்கர நாற்காலியில் இருந்தபடியே தொழுநோயாளரின் கைகளுக்குச் சத்திரசிகிச்சை செய்தார். 1966இல் அங்கே எழுந்த புனர்வாழ்வு நிலையத்துக்குக் காரணமானவரும் அவரே. படித்தவருக்கு முடியும், கமக்காரனுக்கு? மலைச்சரிவில் மண்வெட்டி பிடிக்க இனி முடியாது என்பது உண்மை, மறைப்பதில் பயனில்லை. ஆனால் மிளகு நாற்றுமேடைக்குக் கால் தேவையில்லை. முழங்கால் அடியில் நுழையக்கூடிய இரண்டரை அடி உயரப் பலகை மேசை, கறுப்புப் பொலித்தீன் பைகள், மண், மணல், சாணி, கொடித்துண்டுகள் போதும். பை நிரப்பல், நடுதல், தண்ணீர் தெளித்தல் மூன்றையும் இருந்தபடியே செய்யலாம். கன்றை மேட்டுக்குச் சுமப்பது மற்றவர் பங்கு, கணக்குப் புத்தகம் நாற்காலியில் இருப்பவர் பங்கு.