அறுந்த கொலுசு, புது மோதிரம்

அறுந்த ஒற்றைக் கொலுசு அலுமாரி மூலையில் கிடக்காத வீடு கல்முனையிலோ சாய்ந்தமருதிலோ அபூர்வம். அதை உருக்கினால் வாப்பாவுக்கு மோதிரம். இஸ்லாத்தில் ஆண்களுக்குத் தங்கம்தானே ஆகாது, வெள்ளி ஆகும்.

வெள்ளி உருக 962 பாகை செல்சியஸ் சூடு வேண்டும். உருகிய சுத்த வெள்ளி தன் கனவளவைப்போல் 20 மடங்கு ஒட்சிசனை உள்ளே இழுக்கும். ஆறி இறுகும்போது துப்பும், மேற்பரப்பு கொப்புளமாகும். தட்டார் மூசையில் வெண்காரம் தூவுவது காற்றை மறைக்கவும் அழுக்கை வாங்கவும்தான்.

கைவேலைக் கொலுசில் வளையங்கள் பொடி (பற்றாசு) வைத்து ஊதி ஒட்டியவை. பொடியில் செம்பும் துத்தநாகமும் கலந்திருப்பதால், சேர்த்து உருக்கினால் 925 வெள்ளி 925 ஆக நிற்காது. கழிவு கூடிவிட்டதென்று தட்டாரோடு சண்டை பிடிக்க முன், ஒட்டுகளை வெட்டிவிட்டு நிறுக்கச் சொல்லுங்கள்.