ஒற்றர் வேடமும் அறமும்

தனிமனிதர்க்குரிய அறமும் அரசர்க்குரிய நெறியும் ஒன்றோ வேறோ என்னும் வினா திருக்குறளைக் கற்பார்க்கு எழுவது இயல்பே. துறவுக்கோலம் பூண்டு பிறரை ஏமாற்றுவோரை அறத்துப்பாலின் கூடாவொழுக்கம் (அதி. 28) கடிகின்றது, பொருட்பாலின் ஒற்றாடலோ (அதி. 59) ஒற்றர் அதே கோலம் பூணுதற்கு உடன்படுகின்றது. இது முரணன்றோ எனின், அன்று. தீங்கற்ற நலம் தருமாயின் மெய்யல்லாத சொல்லும் வாய்மையின்பாற்படும் என்னும் கருத்து அறத்துப்பாலிலேயே (குறள் 292) உளது. எனவே கூடாவொழுக்கம் விலக்கியது வேடத்தை அன்று, தன்னலங் கருதிய வஞ்சனையையே. அரசர்க்கெனத் தனியறம் வகுக்கப்பட்டது என்பார் கூற்று இதனாற் பொருந்தாது.

நாட்டுநலம் என்று சொல்லி எதனையும் செய்யலாம் என்பார்க்கும் ஈண்டு இடமில்லை. தாயின் பட்டினியைத் தீர்த்தற்கும் அறிவுடையோர் இகழும் செயலை மேற்கொள்ளலாகாது என வினைத்தூய்மை (குறள் 656) தடுக்கின்றது, அதுவும் பொருட்பாலிலேயே. நலம் இன்னதென அளக்கும் பொறுப்பும் அரசன் ஒருவன்பால் விடப்படவில்லை. இடித்துரைக்கும் பெரியோரை அவன் உடன்வைத்துக்கொள்ள வேண்டும் என்பது அதிகாரம் 45.