முன்னால் நிற்கும் பூஜ்யம்

வெளிமாநிலங்களில் வாழும் நம்மவர் வீட்டுத் தொலைபேசிக் குறிப்பேட்டை விரித்தால் ஊர்க் குறியீடுகள் வரிசையாக நிற்கும். தில்லிக்கு 011, சென்னைக்கு 044, பெங்களூருக்கு 080. உறவினர் எண்களையெல்லாம் கணிப்பொறியில் ஏற்றிவைக்க முனைந்தாள் நம் எதிர்வீட்டுப் பெண். கல்லூரியில் அவள் சி மொழி பயிலத் தொடங்கிய முதல் மாதம் அது. நிரல் ஓடியது. ஆனால் தில்லியின் குறியீடு 9 என்றும் சென்னையின் குறியீடு 36 என்றும் திரையில் வந்தன. பெங்களூரைச் சேர்த்ததும் நிரல் ஓடவே மறுத்துவிட்டது. பொறி பழுதென்று கருதினாள் அவள். கலைப் பட்டதாரியாகிய நமக்கு இதில் என்ன வேலை என்று ஒதுங்கியிருக்கலாம். ஆயினும் எழுத்துக்கும் பொருளுக்கும் நேர்ந்த பிணக்காக அது தோன்றியமையால், மொழிபெயர்ப்பாளருக்குரிய பிடிவாதத்தோடு அவளுடைய பாடநூலைப் புரட்டினோம்.

நிரலுக்குள் ஒரு மதிப்பை நேராகவே எழுதிவிடுவதற்கு லிட்டரல் என்று பெயர். 25 என்று எழுதினால் அது என்றும் இருபத்தைந்துதான். மாறி என்பதோ பெயரிட்ட பெட்டி. இப்போது ஒன்றும் பிறகு மற்றொன்றும் அதில் வைக்கலாம். (சி மொழியின் தர ஆவணம் எண்களை மாறிலிகள் என்றும், இரட்டை மேற்கோளுக்குள் அடங்கிய சரங்களை மட்டுமே லிட்டரல் என்றும் வழங்குகிறது. வகுப்பறையிலோ இரண்டும் லிட்டரலே. இத்தகைய சொற்குழப்பம் நம் தொழிலில் புதிதன்று.)

லிட்டரலின் மதிப்பை அதன் எழுத்து வடிவமே முடிவு செய்கின்றது. முன்னால் பூஜ்யம் இட்டு எழுதிய முழு எண்ணைச் சி மொழி எட்டின் அடிமானத்தில் படிக்கும். 011 எனில் ஓர் எட்டும் ஒன்றும், ஆக ஒன்பது. 044 எனில் நான்கு எட்டுகளும் நான்கும், ஆக முப்பத்தாறு. எட்டின் அடிமானத்தில் 0 முதல் 7 வரையிலான இலக்கங்களே உண்டு. ஆதலால் 080 எண்ணே அன்று எனக் கம்பைலர் தள்ளிவிட்டது. பெங்களூருக்கு நாம் நன்றி கூற வேண்டும். அங்கே பிழை வாய்விட்டுக் கூவியது. தில்லியும் சென்னையும் ஓசையின்றிப் பொய்த்தன. டென்னிஸ் ரிட்சி அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் 1972 அளவில் இம்மொழியை உருவாக்கிய நாளில், பொறியின் உள்ளிருப்பை எட்டின் அடிமானத்தில் எழுதுவது வழக்கம். அவ்வழக்கின் எச்சம் இது.

ஊர்க் குறியீடு கூட்டவோ பெருக்கவோ உரிய தொகையன்று. அது ஒரு பெயர். ஆகவே "011" என இரட்டை மேற்கோளுக்குள் எழுதுவதே முறை. மேற்கோளிலும் நுட்பம் உண்டு. 7 என்பது எண். '7' என்பது ஓர் எழுத்துக் குறி. ஆஸ்கி அட்டவணையில் அதன் மதிப்பு 55. "7" என்பது சரம். முடிவைக் காட்டும் குறியையும் சேர்த்து அதற்கு இரண்டு இடங்கள் வேண்டும். தசமப் புள்ளியும் அவ்வாறே. 5/9 என்றால் முழு எண் வகுத்தலாகிப் பூஜ்யமே விடை, 5.0/9.0 என்று எழுதினால்தான் பின்னம் கிடைக்கும்.

நேராக எழுதிய எண்ணுக்கு இன்னொரு குறை: தான் எதைக் குறிக்கிறது என்று அது சொல்லாது. ஊருக்குச் செல்லும் நாம் நன்கறிந்த ரயில் பெட்டியையே எடுத்துக்கொள்வோம். பழைய பெரம்பூர் வடிவப் படுக்கைப் பெட்டியில் 72 இடங்கள். பின்னர் வந்த எல்.எச்.பி. வடிவத்தில் 80. ஆனால் எல்.எச்.பி. வடிவத்தின் மூன்றடுக்குக் குளிர்சாதனப் பெட்டியிலோ அதே 72. ஒரு நிரலில் நாற்பது இடங்களில் 72 என்று எழுதிவிட்டவர், எதைத் திருத்துவார், எதை விடுவார்? இதற்காகவே மதிப்புக்குப் பெயர் சூட்டுகின்றனர். டிஃபைன் என்னும் கட்டளை, தொகுப்பதற்கு முன்பே பெயர் வரும் இடமெல்லாம் மதிப்பைப் பெயர்த்தெழுதிவிடும். அதன் இறுதியில் பழக்கதோஷத்தால் அரைப்புள்ளி இட்டால் அதுவும் கூடவே பெயர்ந்து செல்லும். 1989-ஆம் ஆண்டின் அமெரிக்கத் தரத்தில் இடம்பெற்ற கான்ஸ்ட் என்னும் அடைமொழியோ மாறியின்மீது இட்ட பூட்டு. அப்பெயரைக் கொண்டு மதிப்பை மாற்ற முனைந்தால் கம்பைலர் தடுக்கும்.

அன்றிரவே அப்பெண் குறியீடுகள் அனைத்துக்கும் மேற்கோள் இட்டாள். திரையில் முதலில் வந்தது 080.