எந்தக் காட்டுக்கோழி?

ஓசூரிலிருந்து பெங்களூர் போகும் சாலையில், கர்நாடக எல்லையைத் தாண்டியதும் அத்திபெலே வரும். அங்கிருந்து மேற்கே போனால் ஆனேக்கல். அதையும் தாண்டினால் பன்னேர்கட்டா காடு. 1974ஆம் ஆண்டு இதைத் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். இந்தக் காட்டில் காட்டுக்கோழி வாழ்கிறது. கன்னடம் பேசுகிறவர்கள் இதைக் காடுகோளி என்பார்கள்.

இந்தியாவில் காட்டுக்கோழி இரண்டு வகை. ஒன்று சாம்பல் காட்டுக்கோழி. மற்றது சிவப்புக் காட்டுக்கோழி.

எது எங்கே இருக்கிறது?

சாம்பல் காட்டுக்கோழி தென்னிந்தியாவிலும் மேற்கு இந்தியாவிலும் இருக்கிறது. சிவப்புக் காட்டுக்கோழி இமயமலை அடிவாரத்திலும் அசாம், ஒடிசா போன்ற கிழக்கு மாநிலங்களிலும் இருக்கிறது. பன்னேர்கட்டா காட்டில் இருப்பது சாம்பல் வகைதான்.

சேவலை எப்படி அடையாளம் காண்பது?

கழுத்தைப் பாருங்கள். சிவப்புச் சேவலின் கழுத்து இறகுகள் பொன்னிறமாகவும் ஆரஞ்சு நிறமாகவும் மின்னும். சாம்பல் சேவலின் கழுத்தில் சின்னச் சின்னப் புள்ளிகள் இருக்கும். வெள்ளையும் மஞ்சளுமாக, மெழுகை உருக்கிச் சொட்டியது போல இருக்கும். உடம்பு சாம்பல் நிறம். வால் கருத்து மினுமினுக்கும்.

பெட்டைக்கு என்ன அடையாளம்?

நெஞ்சைப் பாருங்கள். சாம்பல் பெட்டையின் நெஞ்சு வெள்ளை. ஒவ்வொரு இறகுக்கும் கறுப்பு ஓரம் இருக்கும். பார்க்க மீன் செதில் போலத் தெரியும். சிவப்புப் பெட்டையின் நெஞ்சு வெறும் பழுப்பு நிறம்.

கூவலும் வேறு. சிவப்புச் சேவல் நம் வீட்டுச் சேவலைப் போலவே "கொக்கரக்கோ" என்று கூவும். ஆனால் கடைசியில் சட்டென்று நிறுத்திவிடும். சாம்பல் சேவல் விட்டு விட்டு, வெட்டி வெட்டிக் கூவும்.

நம் வீட்டுக் கோழிக்கு இவை என்ன உறவு?

வீட்டுக் கோழியின் மூதாதை சிவப்புக் காட்டுக்கோழி. பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் மனிதர்கள் அதைப் பிடித்துப் பழக்கினார்கள். ஆனால் சிவப்புக் காட்டுக்கோழியின் கால் மஞ்சள் இல்லை. அது சாம்பல் நிறம். அப்படியானால் நம் கோழிகள் பலவற்றுக்கு மஞ்சள் கால் எங்கிருந்து வந்தது? 2008ஆம் ஆண்டு விஞ்ஞானிகள் இதற்கு விடை சொன்னார்கள். மஞ்சள் தோல் சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து வந்தது. நம் காட்டுக்கோழியும் வீட்டுக் கோழிக்கு உறவுதான்!

இதைத் தெரிந்துகொள்வதால் என்ன பயன்?

காட்டோரத்தில் ஒருவர் கோழியோடு வருகிறார். "ஓடிப்போன நாட்டுக்கோழி, மலிவாகத் தருகிறேன்" என்கிறார். நீங்கள் கழுத்தைப் பாருங்கள். பெட்டையானால் நெஞ்சைப் பாருங்கள். மெழுகுப் புள்ளியோ செதில் கோடோ இருந்தால் அது காட்டுக்கோழி. வாங்காதீர்கள்.

காட்டுக்கோழியைக் கண்ணி வைத்துப் பிடிப்பது குற்றம். விற்பதும் வாங்குவதும் குற்றம். 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் இதைத் தடுக்கிறது. சிறைத் தண்டனையும் உண்டு. "எனக்குத் தெரியாது" என்று சொன்னால் சட்டம் விடாது. வனத்துறைக்குத் தகவல் சொல்லுங்கள்.

முன்பு இறைச்சிக்காக மட்டும் இதைக் கொல்லவில்லை. கழுத்து இறகுக்காகவும் கொன்றார்கள். வெளிநாட்டில் மீன் பிடிக்கிறவர்கள் அந்த இறகைத் தூண்டில் முள்ளில் கட்டினார்கள். மீன் அதைப் பூச்சி என்று நினைத்துக் கவ்வும். சேவலின் அழகே அதற்கு எமனாக வந்தது.

காட்டுக்கோழி தரையில்தான் முட்டை இடும். பெட்டையைப் பிடித்தால் முட்டைகள் வீணாகும், குஞ்சுகள் சாகும். ஒரு கோழியைப் பிடிப்பவர் ஒரு குடும்பத்தையே அழிக்கிறார்.

பேசிப் பாருங்கள்

1. உங்கள் வீட்டுக் கோழியின் கால் என்ன நிறம்? அந்த நிறம் யாரிடமிருந்து வந்தது?

2. உங்கள் ஊர்ப் பக்கம் காட்டுக்கோழி உண்டா? அதன் கூவலைக் கேட்டவர் யார்?

3. காட்டுக்கோழியை விற்க யாராவது வந்தால் என்ன செய்வீர்கள்?