கடைத்தெரு பிழைப்பது எப்படி?

பெருங்குடியில் வசிக்கும் ஒரு குடும்பம் தீபாவளித் துணி எடுக்கப் புறப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். முப்பது ஆண்டுகளுக்கு முன்பு என்றால் யோசிக்காமல் தியாகராய நகருக்குப் பஸ் ஏறியிருப்பார்கள். இன்றோ வேளச்சேரியிலேயே பெரிய வணிக வளாகம் இருக்கிறது. அங்கே குளிர்சாதனம் உண்டு, வண்டி நிறுத்த இடம் உண்டு, கழிப்பறையும் உண்டு! 2000-இல் தரமணியில் டைடல் பூங்கா எழுந்தது முதல் பழைய மாமல்லபுரம் சாலை நெடுகிலும் அலுவலகங்கள் பெருகின. சம்பளக்காரர்களும் அப்பக்கமே குடியேறினர். நகரம் இவ்வாறு வெளியே விரியும்போது நடுவிலுள்ள பழைய கடைத்தெரு மெல்ல வாடத் தொடங்கும். இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்க நகரங்கள் பலவற்றில் நேர்ந்தது இதுதான்.

தியாகராய நகர் வாடிவிடவில்லை. ஆனால் அங்கே நடக்க இடமில்லாமற் போயிற்று. 2016-இல் பொலிவுறு நகரத் திட்டத்தில் சென்னை சேர்ந்தபோது, முதலில் சீர்செய்ய எடுத்துக்கொண்ட பகுதி இதுவே. பாண்டி பஜாரில் பனகல் பூங்கா முதல் தணிகாசலம் சாலை வரை வண்டிப் பாதையைக் குறுக்கி, நடைபாதையை அகலமாக்கி, 2019 நவம்பரில் திறந்தார்கள்.

வண்டி நிற்க இடமில்லையென்றால் வியாபாரம் படுத்துவிடாதா? கடைக்காரர்களின் இந்த அச்சம் புதிதன்று. 1962-இல் கோபன்ஹேகன் நகரம் தன் முக்கியக் கடைவீதியில் கார்களைத் தடுத்தபோதும் வியாபாரிகள் இப்படியே அஞ்சினர். பின்னர் அவ்வீதி செழித்தது.

காரணம் எளிய கணக்குதான். சாலையோரமாக வரிசையில் நிற்கும் கார்களுக்கு இரண்டரை மீட்டர் அகலம் வேண்டும். 100 மீட்டர் நீளத்தில் சுமார் 16 கார்கள் நிற்கலாம். காருக்கு மூவர் வந்தாலும் 48 பேர்தான். அவர்கள் கடையை விட்டு வரும்வரை அவ்விடம் வேறெவருக்கும் கிடையாது. அதே இரண்டரை மீட்டரை நடைபாதையாக விட்டால், இந்திய சாலைக் காங்கிரஸின் 1988-ஆம் ஆண்டு அளவுப்படி, மணிக்கு 2,400 பேர் இருதிசையிலும் நடந்து செல்லலாம். இவர்களில் பத்தில் ஒருவர் கடைக்குள் நுழைந்தாலும் 240 பேர்! மேலும், நடப்பவரின் கண்ணில்தான் கண்ணாடிக்குள் தொங்கும் புடவை படும்.

ஆனால் இந்தக் கணக்கில் ஒருவர் விடுபட்டுப் போகிறார். பாண்டி பஜாரின் பெயரை ஊரறியச் செய்தவர்களில் நடைபாதை வியாபாரிகளும் உண்டு. வளையலும் ஹேர்பின்னும் விற்ற அவர்களை 2013-இல் அருகே கட்டிய வளாகத்துக்கு மாற்றினார்கள். மழைக்கும் வெயிலுக்கும் கூரை கிடைத்தது உண்மையே. எனினும் ஹேர்பின் வாங்குவதற்கென்று எவரும் வீட்டிலிருந்து கிளம்புவதில்லை. போகிற வழியில் கண்டால்தான் வாங்குவர். படியேறிப் போய்த் தேட வேண்டுமென்றால் பாதிப் பேர் வாங்கமாட்டார்கள். இது அவ்வியாபாரிகளின் அன்றாடச் சோற்றைத் தொடும் விஷயம். 2014-ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டம் விற்பனைக்கென இடங்களைப் பிரித்துக் குறிக்கச் சொல்கிறது. அகன்ற நடைபாதையில் அவர்களுக்கு எத்தனை அடி என்பதை, மரங்களையும் இருக்கைகளையும் வரையும்போதே வரைபடத்தில் குறித்திருக்கலாம்.