பதினோரு மாத வீட்டில் ஒரு விளக்கு

மும்பையில் பதினோரு மாத ஒப்பந்தத்தில் குடியிருப்போர் சுவரில் ஓர் ஆணி அடிக்கவும் அஞ்சுகிறோம். முந்தைய வீட்டில் அலங்காரத் தொங்குவிளக்கிற்காகத் துளையிட்டோம். காலி செய்கையில் முன்பணத்தில் பிடித்துக்கொண்டார்கள். அத்தொகைக்கு நல்ல குத்துவிளக்கே வாங்கியிருக்கலாம்!

கும்பகோணத்தை அடுத்த நாச்சியார்கோயில் குத்துவிளக்கு நம்போன்ற மாற்றலுக்குரியோர்க்கென்றே அமைந்தது எனலாம். அடிப்பாகம், தண்டு, எண்ணெய்த் தட்டு, பிரபை எனத் தனித்தனியே வார்த்துத் திருகிப் பொருத்தப்பெறுவது. மாற்றல் உத்தரவு வந்தால் கழற்றித் துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்துவிடலாம்.

அதனைக் கூடத்து மூலையில் நிறுத்தி, அருகே துணிக்குடையிட்ட மேசை விளக்கொன்றை வைத்தோம். 2700 கெல்வின் எல்.இ.டி. குமிழின் மஞ்சள் ஒளியில் பித்தளை பொன்னாய் மின்னுகிறது. மேலே பெயர்ந்த காரை நிழலில் ஒதுங்கிவிட்டது. திரைச்சீலையருகே மட்டும் சுடர் ஏற்றலாகாது.

சென்ற வெள்ளியன்று எங்கள் மகள் முதன்முறையாகத் தோழியரை வீட்டிற்கு அழைத்து வந்தாள்.