ரொட்டிப் பூசணமும் செட் மாத்திரையும்

சாரல் பிடித்துவிட்டால் தென்காசி வட்டாரத்தில் எதுவும் சட்டென்று காயாது. துவைத்துப் போட்ட சட்டை மூன்றாம் நாளும் நசநசவென்று இருக்கும். பரணில் கிடக்கும் தோல் செருப்பில் வெள்ளை பூத்திருக்கும். பேக்கரியில் வாங்கிய பிரட் பாக்கெட்டைப் பிரித்து இரண்டு நாள் மறந்துவிட்டால், ஓரத்தில் சாம்பல் நிறப் பஞ்சு கிளம்பிவிடும். "பூசணம் புடிச்சிருச்சு" என்று தூக்கி எறிந்துவிட்டு அவரவர் வேலையைப் பார்ப்பார்கள்.

அந்தப் பஞ்சில் ஒரு துளி எடுத்து, கண்ணாடித் தகட்டில் நீலச் சாயம் விட்டு நுண்ணோக்கியில் வைத்தால், கிளை விட்ட இழைகளும், நிமிர்ந்து நிற்கும் இழைகளின் நுனியில் குண்டூசித் தலைபோலக் கருப்பு உருண்டைகளும் தெரியும். உருண்டைக்குள் இருப்பவை வித்துகள். உருண்டை வெடித்தால் கண்ணுக்குத் தெரியாத தூசியாகக் காற்றில் கலந்துவிடும். இதன் பெயர் ரைசோபஸ். பதினோராம் வகுப்புத் தாவரவியல் புத்தகத்தில் பூஞ்சைகளைப் பற்றிய பகுதியிலேயே ரொட்டிப் பூஞ்சை என்று வந்துவிடுகிறது. தமிழ்நாட்டின் பல கல்லூரிகளிலிருந்து தாவரவியல் மாணவர்கள் வேன் பிடித்துப் பாசியும் பெரணியும் சேகரிக்க வரும் ஊர் குற்றாலம். ஐந்தருவிப் பக்கம் மக்கிய இலையைப் புரட்டினால் பூஞ்சைக்குப் பஞ்சமே இல்லை.

2021 மே மாதம் நாடே நடுங்கிய கரும்பூஞ்சை நோயை, இந்தியாவில் பெரும்பாலும் உண்டாக்கியது இதே ரைசோபஸ் பேரினம்தான். புத்தகத்தில் இருந்த பெயருக்கும் செய்தியில் வந்த பெயருக்கும் நடுவே இருந்த இந்தத் தொடர்பை, அந்த மே மாதத்தில் நம் பிள்ளைகளுக்கு யாரும் எடுத்துச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பயத்தில் பாதி குறைந்திருக்கும். வீட்டில் நடந்துகொண்டிருந்த வேறொரு தவறு கண்ணில் பட்டிருக்கும்.

அப்போது தென்காசி மாவட்டத்துக்கே இரண்டு வயது ஆகவில்லை. 2019 நவம்பர் 22 அன்று திருநெல்வேலியிலிருந்து பிரிந்த மாவட்டம் அது. 2020-ஐப் போலவே 2021 சாரலிலும் குற்றால அருவிகளில் குளிக்கத் தடை இருந்தது. கடைகள் பூட்டிக் கிடந்தன. பள்ளி, கல்லூரிகள் எல்லாம் செல்போனுக்குள் போயிருந்தன. மே 20 அன்று, மருத்துவமனைகள் கரும்பூஞ்சை நோயாளிகளைக் கட்டாயம் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று தமிழக அரசு அறிவித்தது. அதே வாரம் வாட்ஸ்அப்பில் வேறொரு மருத்துவம் ஓடிக்கொண்டிருந்தது. வெங்காயத் தோலில் இருக்கும் கருப்புப் படலத்தால் வருகிறது, ஃபிரிட்ஜ் கதவின் ரப்பரிலிருந்து வருகிறது, படிகாரமும் மஞ்சளும் வைத்தால் போய்விடும் என்றெல்லாம் செய்திகள். கருப்பு போய் வெள்ளை, அது போய் மஞ்சள் என்று நிறம் நிறமாகப் பூஞ்சைகள் வந்தன. நிறத்தைச் சொல்லிக் குழப்பாதீர்கள், இது ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றாது என்று எய்ம்ஸ் இயக்குநர் ரந்தீப் குலேரியா விளக்க வேண்டி வந்தது. பொது இடத்தில் கூட்டமாக ஆவி பிடிக்காதீர்கள் என்று இங்கே அமைச்சர் மா. சுப்பிரமணியன் கேட்டுக்கொண்டார்.

பல வீடுகளில் இருந்தது ஒரே ஒரு ஸ்மார்ட்போன். ஆன்லைன் வகுப்புக்காக அது பிள்ளையின் கையில் இருந்தது. ஆகவே வதந்தியை முதலில் படித்ததும், "இது நெசமா, பாத்துச் சொல்லு" என்று அம்மாவும் ஆச்சியும் கேட்டதும் அந்தப் பிள்ளையிடம்தான். ஆலங்குளம், கடையம் பக்கம் பீடி சுற்றும் வீடுகளில் கல்லூரி வாசலை முதன்முதலாக மிதித்த பெண்பிள்ளைகள் ஏராளம். அந்த வீட்டில் மருந்துச் சீட்டைப் படிக்கத் தெரிந்தவள் அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள். மாணவர் விழிப்புணர்வு என்று நாம் பேசுவது அவர்களுடைய சொந்த உடம்பைப் பற்றியது மட்டுமல்ல என்று நான் சொல்வது இதனால்தான். ஒரு குடும்பத்தின் மருந்துப் பெட்டிக்கே அவர்கள் காவல்.

நோயின் கதையைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். வித்துகள் எப்போதும் காற்றில் இருக்கின்றன. நாம் எல்லோரும் தினமும் மூக்கால் இழுக்கிறோம். உடம்பின் வெள்ளை அணுக்கள் அவற்றை அங்கேயே முடித்துவிடுகின்றன. சர்க்கரை கட்டுக்கடங்காமல் ஏறி, ரத்தத்தில் அமிலமும் கூடும்போது அந்த அணுக்கள் சோர்ந்துபோகின்றன. பூஞ்சைக்குத் தேவையான இரும்புச்சத்தும் எளிதாகக் கிடைக்கிறது. மூக்கில் முளைக்கும் இழை, பக்கத்தில் இருக்கும் எலும்பறைகளுக்குள் புகுந்து ரத்தக் குழாய்களைத் துளைத்து அடைத்துவிடும். ரத்தம் போகாத சதை செத்துக் கருக்கும். அங்கிருந்து கண்ணுக்கும் மூளைக்கும் தூரம் அதிகமில்லை. 1885-லேயே பல்டாஃப் என்ற மருத்துவர் மனித உடம்பில் இதைப் பார்த்து எழுதிவைத்தார். கொரோனாவுக்கு முன்பே உலகில் இந்த நோய் மிகுதியாக இருந்த நாடு இந்தியா. சர்க்கரை நோய் இங்கே அதிகம் என்பது அதற்கு முக்கியக் காரணம்.

2021 ஜூன் 28 வரை நாட்டில் 40,845 பேருக்கு இந்த நோய் வந்ததாக ஒன்றிய சுகாதார அமைச்சகம் கணக்குச் சொன்னது. அவர்களில் 34,940 பேர் கொரோனா வந்தவர்கள். 26,187 பேருக்குச் சர்க்கரை நோய் இருந்தது. 21,523 பேர் ஸ்டீராய்டு எடுத்திருந்தார்கள். அதற்குள் 3,129 பேர் இறந்திருந்தார்கள். வயது வாரியாகப் பார்த்தால் 18 முதல் 45 வரை 13,083 பேர், 45 முதல் 60 வரை 17,464 பேர். பிளஸ் டூ படிக்கும் பிள்ளையின் அப்பா, அம்மா, மாமா, சித்தப்பா எல்லோரும் இந்த இரண்டு வரிசைக்குள் வந்துவிடுவார்கள்.

ஸ்டீராய்டு கெட்ட மருந்து இல்லை. டெக்சாமெதசோன் தினம் 6 மில்லிகிராம், அதிகபட்சம் பத்து நாள் கொடுத்தால், ஆக்சிஜன் தேவைப்படும் கொரோனா நோயாளிகளின் உயிரைக் காக்கும் என்று 2020 ஜூனில் பிரிட்டனின் ரெகவரி ஆய்வு காட்டியது. ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்கு அதனால் பலன் இல்லை என்பதும் அதே ஆய்வின் முடிவு. முதல் பாதி ஊரெல்லாம் பரவியது, இரண்டாம் பாதி பரவவில்லை. காய்ச்சல் என்றால் மெடிக்கலுக்குப் போய் "ஒரு செட் மாத்திரை குடுங்க" என்று கேட்பது நம் பக்கத்துப் பழக்கம். நாலைந்து மாத்திரையைக் கத்தரித்துச் சின்னக் கவரில் போட்டுத் தருவார்கள். அதில் ஒன்று ஸ்டீராய்டாக இருந்தால் காய்ச்சல் சட்டென்று இறங்கும், உடம்பு வலி போகும், பசிக்கும். "நல்லா கேக்குது" என்று இன்னொரு செட் வாங்குவார்கள். கேட்பது உண்மைதான். ஆனால் உள்ளே சர்க்கரை ஏறிக்கொண்டிருக்கும், பூஞ்சையை விரட்ட வேண்டிய அணுக்கள் அடங்கிக் கிடக்கும். மாத்திரையைக் கத்தரித்துக் கொடுத்ததால் பெயரும் தெரியாது, அட்டையின் ஓரத்தில் இருக்கும் சிவப்புக் கோடும் தெரியாது. மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்து என்பதற்குத்தான் அந்தக் கோடு.

இதை விடுதி மாணவர்களிடம் சொல்ல வேறொரு வழியும் இருக்கிறது. சாரல் காலத்தில் காயாத உள்ளாடையைப் போட்டுக்கொண்டு, ஒரே துண்டை நாலு பேர் பயன்படுத்தினால் படர்தாமரை வரும். வெட்கப்பட்டுக் கடையில் ஏதோ ஒரு களிம்பு வாங்கிப் பூசுவார்கள். இரண்டே நாளில் அரிப்பு நிற்கும், விட்டால் இரண்டு மடங்காகத் திரும்பும். காரணம், களிம்பில் கலந்திருக்கும் ஸ்டீராய்டு. இப்படிப்பட்ட பதினான்கு ஸ்டீராய்டு களிம்புகளைச் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்று 2018-ல் ஒன்றிய அரசு விதியை இறுக்கியும் பழக்கம் போகவில்லை. தொடையில் நடந்ததே பெரிய அளவில் மூக்கில் நடந்தது என்று சொன்னால், பதினேழு வயதுப் பையனுக்கு வேறு விளக்கம் வேண்டாம்.

தொற்றுக் காலத்தில் பல் மருத்துவ, மருத்துவ மாணவர்களிடம் கரும்பூஞ்சை பற்றிக் கூகுள் படிவம் அனுப்பிக் கேட்ட ஆய்வுகள் பல இடங்களில் நடந்தன. நல்ல காரியம். ஆனால் பெயர் தெரியுமா, எந்தக் கிருமி என்று கேட்பதோடு நின்றுவிட்டால் போதாது. கொரோனா வந்து தேறிய உங்கள் அப்பாவுக்குக் கடைசியாக எப்போது சுகர் பார்த்தீர்கள்? அவர் போட்ட மாத்திரையின் பெயர் என்ன? ஒரு பக்கக் கன்னம் மரத்துப்போனால், மேல்பல் ஆடினால், மூக்கிலிருந்து கருப்பாக வந்தால், பார்வை இரண்டிரண்டாகத் தெரிந்தால் எத்தனை மணி நேரத்துக்குள் கிளம்புவீர்கள்? இவற்றைக் கலைக்கல்லூரி மாணவரிடமும் பள்ளி மாணவரிடமும் கேட்க வேண்டும். ஏனென்றால் இந்த நோயில் நாள் கணக்கு முக்கியம். தாமதித்தால் கண்ணையோ மேல்தாடையையோ எடுத்துத்தான் உயிரைக் காக்க வேண்டியிருக்கும். ஆம்போடெரிசின்-பி ஊசியை வாரக்கணக்கில் ஏற்ற வேண்டும். அந்த மே மாதத்தில் அதற்கும் நாடெங்கும் தட்டுப்பாடு. தென்காசியில் அரசு மருத்துவக் கல்லூரி கிடையாது. பெரிய சிகிச்சை என்றால் 50 கிலோமீட்டர் தாண்டிப் பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு மருத்துவமனைக்குத்தான் ஓட வேண்டும்.

இப்படியொரு விழிப்புணர்வு இந்த மண்ணுக்கு முடியாத காரியமில்லை. 2012-ல் கடையநல்லூரை டெங்கு புரட்டிப் போட்டது. பல வீடுகளில் சாவு விழுந்தது. நல்ல தண்ணீரில் வளரும் கொசு என்ற ஒரே செய்தியை அன்று ஊர் பிடித்துக்கொண்டது. சிரட்டையைக் கவிழ்ப்பது, டயரை அப்புறப்படுத்துவது, தொட்டியைத் தேய்த்துக் கழுவுவது என்று கையால் செய்யும் வேலையாக அந்த அறிவு மாறியது. பிள்ளைகள் பள்ளியில் கேட்டு வந்து வீட்டில் தொட்டியைக் காட்டி நச்சரித்தார்கள். பூஞ்சைக்குக் கவிழ்க்கச் சிரட்டை இல்லை, காற்றைக் கழுவ முடியாது. இங்கே கைவேலை, அட்டையைப் படிப்பதும் சுகர் பார்ப்பதும்தான்.

2021 ஆகஸ்ட் 5 முதல் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை மாத்திரை வீட்டுக்கே வருகிறது. வாங்கி வைத்த மாத்திரையை ஆச்சி ஒழுங்காகப் போடுகிறாளா என்று பார்க்கப் பேத்தி வேண்டும். பூஞ்சைகளைப் பற்றிய கவலை கொரோனாவோடு போய்விடவும் இல்லை. 2022 அக்டோபரில் உலக சுகாதார நிறுவனம் முதன்முறையாக ஆபத்தான 19 பூஞ்சைகளைப் பட்டியலிட்டது. ரைசோபஸ் அடங்கிய பூஞ்சைப் பிரிவும் அதில் இருக்கிறது.

பதினோராம் வகுப்பில் பூஞ்சைப் பாடம் நடத்தும் நாளில், ஆசிரியர் ஒரு ரொட்டித் துண்டோடு ஒரு காலி மாத்திரை அட்டையையும் கொண்டு வரட்டும். வீட்டில் இருக்கும் அட்டைகளின் பெயர்களைப் பார்த்து எழுதி வரச் சொல்லட்டும். எது ஸ்டீராய்டு, எது சர்க்கரைக்கு, எதைச் சீட்டில்லாமல் வாங்கக் கூடாது என்று வகுப்பிலேயே பிரிக்கட்டும். ரெக்கார்டு நோட்டில் ரைசோபஸ் படம் வரைந்த பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் காலியாகத்தான் இருக்கிறது. அந்தப் பட்டியலுக்கு அந்த ஒரு பக்கம் போதும்.